என் தலையில் கட்டிய மூன்று பாத்தி

வாசலில் வந்து நின்றவர் முதலில் என் தலையைப் பார்த்தார். பிறகு மேலே தொங்கிய பெயர்ப் பலகையைப் பார்த்தார். மறுபடியும் என் தலையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"அண்ணே, வாங்க. கடை இதுதான்" என்று நான் கூப்பிட்டேன்.

"சலூன்தானா?"

"சலூன்தான். என் தலையைப் பாத்துப் பயந்துறாதீங்க."

யுத்தம் முடிந்து, கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம். புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை இருந்தது, பின்கட்டில் வீடு. காலை வெயில் எதிர்ச் சுவரில் பட்டு, என் நிலைக்கண்ணாடிக்குள் வந்து, அங்கிருந்து தரையில் விழுந்து கிடக்கும். அந்த வெளிச்சத்தில்தான் அவர் நின்றார். தலை முழுக்க வெள்ளை. ஆனால் முகத்துக்கு நாற்பதுக்கு மேல் சொல்ல முடியாது. யாரோ ஒரு பெரியவரின் தலையைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

போன வாரம் சுழல் நாற்காலி வாங்கிய கதையை எழுதியதும், அதில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறவர் இவர்தான். இவரைப் பற்றிச் சொல்லுமுன் என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பாத்தி கட்டிய கதை

எனக்கு இருபத்தைந்து வயதிலேயே நரைத்துவிட்டது. தொழில்காரனுக்கு இது பெரிய அவமானம். நரைத்த தலையோடு நின்றுகொண்டு இன்னொருவர் நரையை மாற்றுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது நம் ஊரில் சாயம் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் மூன்று வகை. நாடகக்காரர்கள், இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள், பென்ஷன் பக்கத்தில் வந்துவிட்ட சர்க்கார் கச்சேரி குமாஸ்தாக்கள். மூன்று பேருக்கும் ஒரே அவசரம். சாயம் நன்றாக இல்லையென்றால் நாடகக்காரர் திட்டிவிட்டுப் போவார். கல்யாணக்காரர் மறுபடி கடைப்பக்கமே வரமாட்டார். அதனால் எந்தச் சாயத்தையும் என் தலையில் போட்டுப் பார்க்காமல் அடுத்தவர் தலையில் போடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்.

இடது பக்கம் இலை. மருதாணி ஒரு நாள், அவுரி மறுநாள். முதலில் செம்பட்டையாக இருந்து, பிறகு மெதுவாகக் கறுக்கும். பின்னந்தலையில் பொடி. திருச்சியிலிருந்து வரும் சாயப் பொடி அது. ஒரு மருந்தை ஊற்றிக் குழைத்துப் போட்டால் அரை மணியில் கருகருவென்று ஆகிவிடும். வலது பக்கம் சீசா. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். மூன்றுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையை அப்படியே விட்டிருந்தேன். எந்தச் சாயம் எப்படி வெளுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரப்பு வேண்டும் அல்லவா?

"தலையா இது, கொல்லையா? பாத்தி கட்டி, வரப்புப் போட்டு... வெள்ளரி வெதைதான் பாக்கி" என்பாள் என் மனைவி சொர்ணம்.

கேலி செய்தாளே தவிர, சாயத்துக்கு உண்மையான நீதிபதி அவள்தான். என் தலையணை உறையைத் துவைக்கிறவள் அவள். எந்தப் பக்கம் கறை, எந்தப் பக்கம் சுத்தம் என்று காலையில் உறையை விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். இலைக்கு அவளிடம் நல்ல பெயர். அரைத்துக் கொடுப்பதும் அவள்தானே. அவுரி அரைத்த நாளில் வீடு முழுக்க, மழை பெய்து ஓய்ந்த வாய்க்கால் கரை மாதிரி ஒரு வாசம் இருக்கும். அந்த வாசம் இப்போதும் சில சமயம் எங்கிருந்தோ வருகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் ஒன்றும் இருப்பதில்லை.

சீசாக்காரர்

சீசாவைக் கொண்டுவந்தவர் ஒரு ஏஜெண்டு. தோல் பை, கைக்கடிகாரம், வாய் நிறைய வார்த்தை. சீசா லேபிளில் முழங்காலைத் தொடும் கூந்தலோடு ஒரு பெண் நின்றாள்.

"பொடி மாதிரி எரியாது. எலை மாதிரி காத்துக் கெடக்க வேணாம். தடவுங்க, துண்டைக் கட்டுங்க, ஒரு மணி நேரத்துல அவுருங்க. ஆளே மாறிருவாரு" என்றார்.

உண்மைதான். வலது பக்கம் தடவிப் பார்த்தேன். அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் வலது பக்கம் மட்டும் திரும்பி நின்று எவ்வளவு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வெறும் தண்ணீரில் குளித்தபோது அசையவில்லை. எட்டு நாள் நின்றது. ஒன்பதாம் நாள் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தேன். முற்றத்தில் கறுப்பாக ஓடிற்று.

"இது சாயமில்லை, மசி. யாருக்கும் போட்டுத் தொலைக்காதீங்க" என்று சொர்ணம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நானும் சரி என்று சீசாவை அலமாரியில் வைத்தேன். ஆனால் என் வலது பாத்திக்கு மட்டும் அவ்வப்போது தடவிக்கொண்டேன். அந்தக் கறுப்பின் மேல் எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டிருந்தது.

படத்தில் இருந்தவர்

வந்தவர் பெயர் செல்லையா. மீமிசல் பக்கம் ஒரு சிறு ஊர். மலாய் நாட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. யுத்தம் வந்ததும் கடிதப் போக்குவரத்து நின்றுபோய், அவர் இருக்கிறாரா இல்லையா என்றே வீட்டுக்குத் தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, புதுக்கோட்டை வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் போகக் கால் வரவில்லை என்றார்.

மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு போட்டோவை எடுத்து என் கையில் கொடுத்தார். கோட்டும் வேட்டியுமாக ஒரு ஆள், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தலை அடர்ந்த கறுப்பு, மீசை கறுப்பு.

"பினாங்குல எடுத்தது. இதே மாதிரி ஒண்ணு வீட்டுலயும் இருக்கு. போன புதுசுல அனுப்பினேன்" என்றார். "நான் போறப்ப எம்மகளுக்கு ரெண்டு வயசு. என் மொகமே அவளுக்குத் தெரியாது. அந்தப் படத்தைத்தான் அப்பான்னு சொல்லிச் சோறு ஊட்டுறதா எம்பொஞ்சாதி எழுதியிருந்தா. படத்துக்கும் ஒரு வாய் காட்டிட்டுத்தான் அது திங்குமாம்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார்.

"இந்தத் தலையோட போயி நான் எப்படி நிக்கிறது மாஸ்டர்? என்னைய இந்தப் படத்துல இருக்க ஆளா ஆக்கி விடுங்க."

ஏன் இப்படி நரைத்தது என்று நான் கேட்கவில்லை. சயாம் காட்டில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்ட இடத்தில் இருந்தேன் என்று அவராகத்தான் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வருவதாக ஊர்க்காரர் ஒருவரிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். வழக்கப்படி சாயப் பொடியில் துளி எடுத்துக் குழைத்து அவர் காதுக்குப் பின்னால் வைத்தேன். பொடி ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும், ஒருவரைக் கொன்றே போடும். ஒரு பகல் ஒரு ராத்திரி பொறுத்துப் பார்க்காமல் தலையில் வைக்கக்கூடாது. வியாழக்கிழமை சத்திரத்திலிருந்து வந்தார். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

பொடி போயிற்று. மிச்சம் இலையும் சீசாவும்.

"ஒரு வாரம் இருக்கச் சொல்லுங்க. எலையப் போட்டு, நல்லா ஊற விட்டு அனுப்புவோம். ஆறு வருஷம் காத்தவங்க இன்னும் ஆறு நாள் காக்க மாட்டாகளா?" என்றாள் சொர்ணம், பின்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

செல்லையா தலையை ஆட்டினார். "வெள்ளிக்கெழமைன்னு சொல்லி விட்டாச்சு. அன்னைக்கு நான் போய் நிக்கலேன்னா, சொன்னதே பொய்யின்னு நெனச்சுருவாக. அப்படி எத்தனையோ பேரு வந்து பொய் சொல்லிட்டுப் போயிருப்பாங்க."

நான் அலமாரியைப் பார்த்தேன். லேபிளில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பதறாத காரியம் சிதறாது என்பது எனக்குத் தெரியாததா? அவருக்கு அவசரம் இருந்தது, எனக்கு ஆசை இருந்தது. அந்தப் படத்தில் இருந்த கறுப்பு அப்படியே என் வலது பாத்தியின் கறுப்பு.

கண்ணாடிக்குள் இருவர்

வெள்ளிக்கிழமை காலையில் தடவினேன். மயிருக்கு மயிர் பார்த்து, மீசைக்குத் தனியாக ஒரு சின்னத் தூரிகை வைத்து, புருவத்தில் விரல் நுனியால் தொட்டு. துண்டைக் கட்டிவிட்டு, "ஒரு மணி நேரம் அசையாதீங்க" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார்.

தெருவில் வண்டிச் சத்தம் வந்து போயிற்று. கண்ணாடியிலிருந்து வெளிச்சம் மெல்ல இறங்கி அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. தூக்கத்தில் ஏதோ பேசினார். தமிழ் இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் 'தெய்வானை' என்றார். அது மகள் பெயர் என்று பிறகு சொன்னார். எனக்கும் கண் சொக்கியது. கண்ணாடிக்குள் நானும் அவரும் ஏதோ ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவிழ்க்க வேண்டிய நேரம் தாண்டித்தான் விழித்தேன்.

துண்டை அவிழ்த்துத் தலையைக் கழுவி, சீவி, போட்டோவைக் கண்ணாடியில் செருகினேன். செல்லையா தன்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கையை எடுத்துத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தொடவில்லை.

"வந்துட்டான்" என்றார்.

அப்போது எனக்கு ஏற்பட்ட கர்வத்தை என்னவென்று சொல்ல! அது என் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அண்ணே, எட்டு நாளைக்கு எண்ணெய், சீயக்காய் மட்டும் படவே கூடாது. வெறுந்தண்ணியில குளிங்க. அப்புறம் வாங்க, எலை போட்டு விடுறேன்" என்று சொல்லி, கரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பின்னால் அடுப்பு புகைய, பஸ் அறந்தாங்கிச் சாலையில் போய் மறைந்தது. வீட்டுக்கு வந்து சொர்ணத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவள் காலண்டரைக் காட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை.

எண்ணெய்

சனி நீராடு என்று பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். சனிக்கிழமை நம் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல். அந்த நாளில் என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருப்பேன். அதிலும் கடல் தாண்டி வந்த ஒருவனை, ஆறு வருஷத்துச் சூட்டோடு வந்தவனை, எண்ணெய் வைக்காமல் எந்த வீட்டில் விடுவார்கள்? எல்லாம் தெரிந்த நான் அதை மறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க, எங்கோ ஒரு வீட்டில் எண்ணெய் காய்வது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் செல்லையா வந்தார். தலை முழுக்க வெள்ளை. கூடவே அவர் மனைவி அழகம்மாளும், எட்டு வயதுப் பெண் ஒன்றும். சலூனுக்குள் பெண்கள் வராத காலம். அழகம்மாள் வாசற்படிக்கு வெளியே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பெண் மட்டும் உள்ளே வந்தது. கையில் சட்டம் போட்ட ஒரு போட்டோவை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தது.

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர்" என்று வாசலிலிருந்து அழகம்மாள் சொன்னாள். "இருட்டுற நேரத்துக்கு வந்தாக. இது ஓடிப்போயி மடியில ஏறிக்கிச்சு. ராத்திரி பூரா எறங்கலை. விடிஞ்சதும் நான்தான் எண்ணெயக் காய்ச்சினேன். வேணாம் வேணாம்னாக. ஏன்னு சொல்ல மாட்டேன்னுட்டாக. எங்கையால எண்ணெ வச்சு ஆறு வருஷமாச்சு, வேணாங்காதீகன்னு அழுதேன். பேசாம ஒக்காந்துட்டாக."

"சொல்லியிருக்கலாமே அண்ணே!" என்றேன்.

"அவ அழுறப்ப எப்படிச் சொல்றது?" என்றார் செல்லையா.

அழகம்மாளின் குரல் இறங்கியது. "சட்டி கழுவுன தண்ணி கணக்கா ஓடுச்சு. எனக்கு ஒண்ணுமில்லை. பக்கத்துல நின்ன இது கத்துச்சு பாருங்க... எங்கப்பா எங்கே, இந்தக் கெழவனை அங்கிட்டுப் போகச் சொல்லுன்னு. அன்னையிலருந்து அவுக கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்குது. படத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டது நான். அதன் கடியை வாங்கியது அவர்.

செல்லையா சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "அந்தப் பொடியையே போடுங்க மாஸ்டர். வீங்குனா வீங்கட்டும். கண்ணே போனாலும் போகட்டும். எம்புள்ளை என்னையப் பாக்கணும்."

"மாட்டேன்" என்றேன். "எலை போடுறேன். ஒரு வாரம் இங்கேயே எங்க வீட்டுல தங்குங்க. எனக்கு ஒங்க மொகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு அண்ணே." எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க நினைத்துத் திரும்பினேன்.

அப்போது தெய்வானை என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்பு

"ஒங்க தலை ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

"இது எல்லாமே வெள்ளைத் தலைதான் கண்ணு. மேல கறுப்புப் பூசியிருக்கேன்."

"பொய்யி."

ஒரு துண்டுத் துணியில் எண்ணெய் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு எட்டும்படி தரையில் உட்கார்ந்து, என் வலது பாத்தியைக் காட்டினேன். போட்டோவைக் கீழே வைக்க மனசில்லாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தேய்த்தாள். முதலில் பயந்து, பிறகு அழுத்தி. துணி கறுத்தது. அதைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். அவள் தேய்த்த இடமெல்லாம் என் நரை வெளியே வந்தது. அவ்வளவு நாள் மயங்கிக் கிடந்த கறுப்பு போனது. எனக்கு வருத்தமே இல்லை.

திடீரென்று சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு என்று அழகம்மாள் பிறகு சொர்ணத்திடம் சொன்னாளாம்.

பிறகு நாற்காலியில் இருந்தவரை வெகுநேரம் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

போட்டோவை என்னிடம் நீட்டினாள்.

"இவருக்கு வெள்ளை போட்டுத் தாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாருக்கு?"

"படத்துல இருக்கவருக்கு. அவருக்கும் வெள்ளை போட்டுட்டா ரெண்டு பேரும் ஒரே ஆளு."

செல்லையா என்னைப் பார்த்தார். ஆறு வருஷமும் அந்த வீட்டில் அவர் முகமாக இருந்தது அது ஒன்றுதான். நான் வாசலைப் பார்த்தேன். அத்தனை வருஷமும் அந்தப் படத்தோடு குடும்பம் நடத்தியவள் அங்கே நின்றாள்.

அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போடுங்க மாஸ்டர்" என்றாள். "கறுப்புத் தலைய நான் பாத்திருக்கேன். எனக்கு அது போதும். புள்ளைக்கு இப்ப இருக்க அப்பாதான் வேணும்."

சொர்ணத்தின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, தண்ணீர் விட்டு இழைத்தேன். சட்டத்தைக் கழற்றி, மீசைக்கு வைத்திருந்த அந்தச் சின்னத் தூரிகையால் படத்தின் தலையில் தொட்டேன். வகிட்டிலிருந்து காது வரைக்கும், இழை இழையாக வெள்ளை வைத்துக்கொண்டு வந்தேன். தெய்வானை என் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"மீசைக்கும்" என்றாள்.

மீசைக்கும் வைத்தேன். ஈரம் காயும்வரை அவள் ஊதினாள். காய்ந்ததும் படத்தை எடுத்துக்கொண்டு போய், நாற்காலியில் இருந்தவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் இமைகூடக் கொட்டவில்லை.

"அப்பா, எந்திரிங்க. பஸ்ஸு போயிரும்" என்றாள்.

செல்லையாவால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. ஆண்பிள்ளை அழுவதைக் கண்ணாடியில் அவரே பார்க்க வேண்டாம் என்று, நான் நாற்காலியை மெதுவாகச் சுவர்ப் பக்கம் சுழற்றிவிட்டேன்.

தெய்வானை அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, அவர் முன்னால் நின்றுகொண்டாள்.